மாட்டுக்கு யார் சொல்வது?

ஈப்போ குதிரைப் பந்தயத் திடலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் மாடு ஞாபகத்துக்கு வரும். பந்தயக் குதிரையின் சிறுநீரில் ஆர்சனிக் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குச் சர்வதேச வரம்பு உண்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம். அந்தக் காலத்தில் குதிரைக்கு அதைச் சத்து மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள். குதிரைமேல் பணம் கட்டுகிறவர் ஏமாந்துவிடக் கூடாது, அதனால் சோதிக்கிறார்கள்.

பாட்டியின் மாட்டுமேல் யாரும் பணம் கட்டவில்லை.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லை அழிக்க ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். 1960களில் பேராகுவாட் வந்த பிறகுதான் அது மெல்ல ஒதுங்கியது. மருந்து பட்ட புல்லைத் தின்று லயத்துச் சனங்களின் மாடுகள் செத்தன. "உப்புக் கரிக்கும்யா, மாடு தேடிப் போயி நக்கும்" என்பார் பாட்டி. அவருடைய கறவை மாடு செத்த அன்று கிராணி சொன்னது ஒன்றுதான்: "காலையில பெரட்டுலயே சொன்னேன்ல? அவுத்து விட்டது நீதானே?" அதோடு விஷயம் முடிந்தது. சாகும்வரை பாட்டி அதைத் தன் தப்பு என்றே நம்பினார்.

எச்சரித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

ஆர்சனிக் ஒரு தனிமம். இடம் மாறும், வேறு சேர்மமாகும், ஆனால் சிதைந்து இல்லாமல் போகாது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத் தாதுவோடும் ஆர்சனிக் கனிமங்கள் சேர்ந்தே வெளியே வந்தன. 1985இல் உலக ஈய விலை சரிந்தது, லம்பங்கள் மூடப்பட்டன, குட்டைகளும் மணல்மேடுகளும் மிஞ்சின. தோட்டங்கள் கைமாறின, சனங்கள் சிதறினார்கள். "அந்தப் பக்கம் மேய்க்காதே" என்ற சொல்லும் அவர்களோடு போய்விட்டது. விஷத்துக்கு இருக்கிற ஆயுசு எச்சரிக்கைக்கு இல்லை.

என் மாமா பழைய லம்பக் குட்டை ஓரமாகத்தான் ஏழு மாடு மேய்க்கிறார். நிலம் அவருடையது இல்லை. பால் வியாபாரம்தான் வீட்டை ஓட்டுகிறது. ஈயத்துக்குப் பேர்போன இங்கிலாந்தின் கார்ன்வாலில் மேயும் மாடுகளைப் பற்றிய 1983ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைப் படித்தேன். மாடு தின்பதில் 1 முதல் 18 சதவீதம் வரை மண்ணாம். ஆர்சனிக் பெரும்பாலும் புல்லைவிட அந்த மண் வழியாகத்தான் உள்ளே போகிறது. குதிரை இன்னும் ஒட்டக் கடிக்கும், வேரோடு பிடுங்கும்.

மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாப்ள, அப்ப எங்க மேய்க்கிறது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த நிமிஷம் நான் கிராணியாக நின்றுகொண்டிருந்தேன்.

சொல்வது நம் கடமை, முடிவெடுப்பது அவரவர் உரிமை என்று நண்பன் வாதிட்டான். இரண்டு வழி உள்ளவனுக்கு அது சரி. ஒரே வழி உள்ளவனுக்கு எச்சரிக்கை வேறொரு வேலை செய்கிறது. நாளைக்கு ஏதாவது நடந்தால் குற்றவாளி யார் என்பதை இன்றைக்கே எழுதிவைத்துவிடுகிறது. மாட்டுக்கோ அந்த ஒரு வழிகூடக் கிடையாது. அவிழ்த்துவிட்ட இடத்தில் அது தின்னும்.

அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? அது அதைவிட மோசம். அந்தப் பாலைக் குழந்தைகளும் குடிக்கிறார்கள். மண்ணைத் தோண்டி லாபம் பார்த்தவர்களும் அனுமதி கொடுத்த அரசும்தான் அதைச் சோதிக்க வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் மாடு நாளைக்குக் காலையிலேயே மேயப் போகிறது. தெரிந்துகொண்டவன் அந்தத் தெரிதலின் செலவில் ஒரு பங்கை ஏற்கவேண்டும் என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம்.

மறுபடி மாமாவிடம் போனேன். மண்ணையும் பாலையும் சோதிக்கும் செலவு என்னுடையது என்றேன்.

"கெட்டதுன்னு வந்துச்சுன்னா?"

"மாட்டைக் கட்டிப் போட்டுடுவோம் மாமா. வேற இடத்துல புல்லு வெட்ட நானும் வர்றேன்."

"தினமுமா?" என்று சிரித்தார்.

அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.