குனிந்ததைப் பார்த்தேன்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பாசஞ்சரில் போனால் நடுவில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நாலு ஸ்டேஷன். நாற்பது கிலோமீட்டர்கூடக் கிடையாது. அந்தத் தூரத்துக்குள் ஒருத்தனைத் திருடனாக்கிவிட முடியுமா? முடியும். நானே செய்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் எதிர் சீட்டு அம்மா, "ஐயோ, பர்ஸைக் காணோமே!" என்று அலறினார். மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டக் கொண்டுபோன பணமாம். "யாராச்சும் பாத்தீங்களா?" என்று சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். கடலை விற்கிற பையன் ஒருவன், பதினைந்து வயது இருக்கும், கொஞ்சம் முன்னால் அந்த அம்மாவின் காலடியில் குனிந்து எழுந்ததை நான் பார்த்திருந்தேன்.

"இந்தப் பையன் அங்க குனிஞ்சான்" என்றேன்.

அவ்வளவுதான். நாலைந்து கைகள் அவன் சட்டையைப் பிடித்தன. கூடை கவிழ்ந்து, கடலை பெட்டி முழுக்க உருண்டது.

நான் சொன்னது பொய்யில்லை. அவன் குனிந்தது நிஜம். அப்புறம் தப்பு எங்கே?

எனக்கு இதற்கான பதில் ரொம்ப நாள் கழித்துக் கிடைத்தது. அதுவும் துகள் இயற்பியலில்! பயப்படாதீர்கள், கணக்கெல்லாம் வராது.

ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்து குடித்தனம் நடத்தினால் அதற்குப் பெயர் மீசான். அந்தக் குவார்க்குகள் எடை மிகுந்தவை என்றால் அது கன மீசான். கண் இமைக்கும் நேரத்தில் கோடானுகோடியில் ஒரு பங்குகூட உயிரோடிருக்காது. அது உடைந்து சிதறும் துண்டுகளை எண்ணித்தான், 'இங்கே ஒன்று இருந்தது' என்று சொல்ல வேண்டும். அதாவது, சூழ்நிலை சாட்சியம் மட்டுமே!

1976-ல் சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் லியான் லெடர்மேனின் குழு இப்படி எண்ணிக்கொண்டிருந்தது. புரோட்டானைப்போல் ஆறு மடங்குக்குச் சற்று மேலான எடையில் சில நிகழ்வுகள் குவிந்திருந்தன. அது தற்செயலாக இருக்க ஐம்பதில் ஒரு வாய்ப்புதான் என்று கணக்கு சொன்னது. கட்டுரை எழுதினார்கள். 'உறுதிப்பட்டால்' உப்சிலான் என்று பெயர் வைக்கலாம் என்றார்கள்.

உறுதிப்படவில்லை. மேலும் மேலும் எண்ணியபோது அந்தக் குவியல் கரைந்துபோனது. சகாக்கள் லியானின் பெயரையே சேர்த்து அந்தத் துகளை 'ஊப்ஸ்-லியான்' என்று கிண்டலடித்தார்கள். 'ஊப்ஸ்' என்பது தடுக்கி விழுந்தால் வெள்ளைக்காரர் சொல்லும் 'ஐயையோ'!

மறுவருடமே, 1977-ல், அதே குழு நிஜமான துகளைக் கண்டுபிடித்தது. புரோட்டானைப்போல் சுமார் பத்து மடங்கு எடை. அதே உப்சிலான் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

இந்த முறை நிஜம் என்று எப்படி நம்புவது? நிகழ்வுகள் ஏராளம் என்பது ஒரு காரணம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. இந்தத் துகள் தனியாக வரவில்லை. அதைவிட ஆறு சதவிகிதம் கனமாக ஓர் அண்ணன், ஒன்பது சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேலே இன்னோர் அண்ணன். மூன்றுமே அதே குவார்க் ஜோடிதான். கூடுதல் ஆற்றலோடு மேல்படியில் நின்றால் எடையும் கூடுகிறது. இதைத்தான் 'கிளர்வுற்ற நிலை' என்கிறார்கள். வீணையில் ஒரே தந்தி, வேறு வேறு ஸ்வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் வேறு ஆட்கள் வேறு கருவிகளில் பார்த்தார்கள். அங்கேயும் அதே குடும்பம்.

பிரமை ஒற்றையாக வரும். நிஜத்துக்குப் பெரும்பாலும் சொந்தபந்தம் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

இன்று புதுத் துகள் ஒன்றை அறிவிக்க, அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். உயிரும் மானமும் இல்லாத ஒரு துகளுக்கு இவ்வளவு ஜாக்கிரதை. கடலை விற்கிற பையனுக்கு எனக்கு ஒரே ஒரு 'குனிஞ்சான்' போதுமாக இருந்தது.

'அதுக்காக 35 லட்சம் தடவை பார்த்துட்டா பேச முடியும்? அதுக்குள்ள திண்டிவனம் வந்துடுமே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். வாழ்க்கையில் பாதி தெரிந்த நிலையிலேயே பேசியாக வேண்டியிருக்கிறது. ஆனால் தெரியாத மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்லலாம் இல்லையா? லெடர்மேன் குழு தவறியபோதுகூட அந்த 'உறுதிப்பட்டால்' என்ற வார்த்தையை விடவில்லை. "குனிஞ்சதைப் பார்த்தேன், எதையும் எடுத்ததைப் பார்க்கலை" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டாவது வரியை முழுங்கினேன். அதுதான் என் பொய்.

வீட்டில் நகை காணாமல்போனால் வேலைக்கார அம்மாவைப் பற்றியும், வாட்ஸ்அப்பில் பத்து விநாடி வீடியோ வந்தால் அதில் இருக்கும் முகத்தைப் பற்றியும் நாம் முழுங்குவது இதே இரண்டாவது வரியைத்தான்.

மயிலம் தாண்டியதும் பர்ஸ் கிடைத்தது. சீட்டுக்கும் ஜன்னலோரச் சுவருக்கும் நடுவே செருகிக்கொண்டிருந்தது. எல்லாரும் சட்டென்று ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தோம். பையன் மட்டும் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கீழே விழுந்த சில்லறையை எடுக்கத்தான் அப்போது குனிந்தானாம்.

என் காலடிக்கு வந்ததும் நிமிர்ந்தான்.

"குனிஞ்சத பாத்தீங்க, சரி. என்னா எடுத்தேன்னு பாத்தீங்களா சார்?"

திண்டிவனம் வந்துவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிட்டேன். குற்றம் சாட்டும்போது பெட்டி முழுக்கக் கேட்ட என் குரல், மன்னிப்புக் கேட்க மட்டும் வெளியே வரவில்லை.