பிள்ளைப்பேறும் மார்க்கமும்

ஈப்போ நகரைச் சேர்ந்த சிலிபினில், முதிய முஸ்லிம் அன்பர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சமீபத்தில் சென்றிருந்தோம். உபசாரமெல்லாம் முடிந்தபின், பேச்சினிடையே அவர் தமது மகளின் நிலையை எடுத்துச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு நான்கு பிரசவம் ஆகிவிட்டது. நான்காவதில் உதிரம் மிகுதியாகப் போய், உயிர் தப்பியதே பெரிதாயிற்றாம். இனியொரு கர்ப்பம் ஏற்பட்டால் தாய்க்கு ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்திருக்கிறார். மருமகனோ, "கர்ப்பத்தைத் தடுப்பது மார்க்கத்துக்கு விரோதம், மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான்" என்று சொல்லி முடித்துவிட்டாராம். "உங்கள் மகள் என்ன சொல்லுகிறாள்?" என்று கேட்டோம். பெரியவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அவளை யாரும் கேட்கவில்லையே, ஐயா!" என்றார். அந்த ஒரு வார்த்தையே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

கர்ப்பத்தடை இஸ்லாத்துக்கு விரோதமானதா என்னும் கேள்விக்கு, மார்க்க நூல்களைப் புரட்டாமலேயே விடை சொல்லுகிறவர்கள் இரு சாராரிலும் அநேகர். "முஸ்லிம்கள் பிள்ளைகளைப் பெருக்குவதையே மதமாகக் கொண்டவர்கள்" என்று வெளியார் பழிப்பதும் அறியாமை. "மார்க்கம் தடுத்துவிட்டது, பேச்சில்லை" என்று உள்ளார் வாயடைப்பதும் அறியாமையே. உண்மை இவ்விரண்டுக்கும் அப்பால் இருக்கிறது.

நபிகள் நாயகத்தின் காலத்திலேயே அரபு மக்களிடம் கர்ப்பத்தடை முறை ஒன்று வழங்கி வந்தது. கருவுண்டாகாதபடி கணவன் விலகிக்கொள்ளும் அம்முறைக்கு 'அஸ்ல்' என்று பெயர். குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் தோழர்கள் அதைச் செய்து வந்தனர் என்றும், செய்தி நாயகத்துக்கு எட்டியும் அவர் தடுக்கவில்லை என்றும் ஜாபிர் என்னும் தோழர் அறிவித்திருக்கிறார். புகாரி, முஸ்லிம் ஆகிய இருபெரும் ஹதீஸ் தொகுப்புகளிலும் இவ்வறிவிப்பின் சாரத்தைக் காணலாம். மாறாக, அஸ்லை மறைமுகமான சிசுவதை என்று கூறும் வேறோர் அறிவிப்பும் உண்டு. ஸ்பெயின் தேசத்து இப்னு ஹஸ்ம் அதையே ஆதாரமாகக் கொண்டு அஸ்ல் கூடாதென்று தீர்த்தார். ஆனால் நான்கு மத்ஹபுகளையும் சேர்ந்த பெரும்பாலான சட்ட அறிஞர்கள், அதை வெறுக்கத்தக்கதென்று சிலர் கருதியபோதிலும், ஆகுமென்றே கொண்டனர்.

அவர்களுள் 1111ஆம் வருடம் காலமான இமாம் கஸ்ஸாலி இவ்விஷயத்தை ஆராய்ந்த முறை, எம்மதத்தினரும் படித்து வியக்கத்தக்கது. ஓர் ஒப்பந்தத்தில் ஒருவன் சொல்ல, மற்றவன் ஏற்றுக்கொண்ட பிறகே அது கட்டுப்படுத்தும். ஏற்பதற்கு முன்னரே சொன்னவன் பின்வாங்கினால், ஒப்பந்தத்தை முறித்தான் என்று எவரும் குற்றம் சாட்டமாட்டார்கள். அதுபோலவே உண்டாகாத உயிரை உண்டாகாமலே விடுவது வேறு, உண்டான உயிரை அழிப்பது வேறு என்று அவர் பகுத்தார். பின்னர் மனிதர் எந்த நோக்கத்தோடு இதைச் செய்கிறார்கள் என்று பார்த்தார். மனைவியை மகப்பேற்றின் ஆபத்திலிருந்து காப்பதும், குடும்பம் பெருத்து, அதனால் தகாத வழியிற் பொருள் தேட நேருமோ என அஞ்சுவதும் விலக்கப்படாத நோக்கங்கள் என்றார். பெண் குழந்தை பிறந்துவிடுமே என்று அஞ்சிச் செய்வதைக் கடுமையாகக் கண்டித்தார். இறைவன்மீது முழு நம்பிக்கை வைத்தல் மேலான நிலையென்றும் அவர் மறைக்காமல் சொன்னார். ஆனால் மேலான நிலையை எட்டாதது பாவமாகாது என்பதே அவர் முடிவு.

நிற்க. எதிர்ப்போரின் வாதத்தையும் நாம் நேர்மையோடு பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லலாகாது என்று திருக்குர்ஆன் இரண்டிடங்களில் எச்சரிக்கிறது. தம் கூட்டத்தாரின் பெருக்கத்தைக் குறித்து நாயகம் பெருமை கொள்வார் என்னும் அறிவிப்பும் இருக்கிறது. கர்ப்பத்தடையை எதிர்த்து உருதுவில் ஒரு நூலே எழுதிய மௌலானா மௌதூதி, உணவளிப்பவன் இறைவன் என்பதை மறந்து சுகபோகத்தையே நாடும் நாகரிகத்தின் விளைவு இது என்றார். இவை அலட்சியம் செய்யத்தக்க வாதங்களல்ல. ஆயினும் பிறந்த குழந்தையைக் கொல்லாதே என்னும் கட்டளையிலிருந்து, பிறவாத குழந்தையைப் பெற்றே தீரவேண்டும் என்னும் கட்டளை எப்படிப் பிறக்கும்? ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்புவதாகச் சொன்னவனிடம், முதலில் கட்டு, பின்பு நம்பு என்ற கருத்தில் நாயகம் அறிவுரை கூறியதாக முஸ்லிம் வீடுகளில் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்களே! ஒட்டகத்துக்கு வேண்டிய முன்யோசனை மனைவியின் உயிருக்கு வேண்டாமா? பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர்க்கு இரண்டு முழு வருடங்கள் என்று குர்ஆன் குறித்திருப்பதும், தாயின் உடலுக்கு ஓய்வு வேண்டுமென்பதை நினைப்பூட்டவில்லையா?

இனி, சம்மதம் என்னும் பகுதிக்கு வருவோம். ஹனபி, மாலிக்கி, ஹம்பலி ஆகிய மூன்று மத்ஹபுகளும் மனைவியின் அனுமதியின்றிக் கணவன் அஸ்ல் செய்யலாகாது என்றன. குழந்தை பெறும் உரிமை அவளுக்கும் உண்டு என்பதே காரணம். மலாய் நாட்டிலும் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலும் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபிலோ, அனுமதி அவசியமில்லை என்னும் அபிப்பிராயமே ஓங்கி நின்றது. ஆகவே பழைய நூல்களில் எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளை வேண்டுமென்று சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டென்று மூன்று மத்ஹபுகள் ஒப்புக்கொண்டபின், போதுமென்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லையென்பது எந்த நியாயம்? சுமப்பவளும் அவள்; உதிரம் சிந்துபவளும் அவள்; உயிரைப் பணயம் வைப்பவளும் அவளே.

இந்த நாட்டின் சரித்திரமும் ஒரு பாடம் சொல்லுகிறது. ரப்பர் தோட்டங்கள் தழைத்த காலத்தில் லயத்து வீட்டில் பிள்ளை என்றால் இரண்டு கை என்று பொருள். புல் பிடுங்கவும், தாயோடு பால்வாளி தூக்கவும் அக்கைகள் உதவின. 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்கச் செய்தும், பிள்ளையின் கூலி வீட்டுக்கு வேண்டியிருந்தது. அங்கே இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே விதமாகப் பெற்றார்கள். காரணம் வேதமன்று, வயிறு.

பின்னர் 1953இல் சிலாங்கூரில் குடும்பநலச் சங்கம் தோன்றிற்று. 1966இல் அரசாங்கமே சட்டம் இயற்றித் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைத்து, குறைவாகப் பெறுங்கள் என்றது. பதினாறு வருடம் கழித்து, 1982இல், பிரதமர் மகாதீர் நாட்டின் ஜனத்தொகை 7 கோடியாக வேண்டும் என்றார். இன்றோ மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு குழந்தைகூட இல்லை. இனப்பெருக்கம் குறைகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இப்பொழுது அதிகரித்திருக்கிறார்கள். ஈரான் தேசத்தின் கதையும் இதுவே. 1989 முதல் மார்க்க அறிஞர்களின் ஆதரவோடு கர்ப்பத்தடையைப் பரப்பிய அதே அரசு, 2021இல் அதற்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டம் செய்தது. மார்க்கம் மாறவில்லை, ஆளுவோரின் கணக்குத்தான் மாறியது.

1958இல் அல்-அஸ்ஹரின் தலைமையேற்ற ஷெய்க் மஹ்மூத் ஷல்தூத் இவ்வபாயத்தைக் கண்டுகொண்டார் போலும். தாயின் சுகம் முதலிய காரணங்களுக்காகத் தம்பதிகள் இடைவெளி விடுவதை அவர் ஆதரித்தார். எல்லோருக்கும் ஒரே அளவு வகுத்துச் சட்டத்தால் கட்டுப்படுத்துவதை அவர் ஏற்கவில்லை. நிரந்தரமாகக் கர்ப்பசக்தியை அறுப்பதைப் பெரும்பாலான உலமாக்கள் இன்றும் விலக்குகிறார்கள். எனினும் தாயின் உயிருக்கு ஆபத்து என்னும் நிர்ப்பந்தத்தில் சலுகை உண்டென்போர் அவர்களிடையே பலர். தற்காலிக முறைகளைப்பற்றியோ அவ்வளவு தடையும் இல்லை.

ஆகவே, எத்தனை குழந்தை என்பது ஈமானின் அளவுகோலன்று என்பதே நமது தாழ்மையான அபிப்பிராயம். பத்துப் பெற்றவரை இகழ்வதும் ஒன்றோடு நின்றவரைப் பழிப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். பெற விரும்பும் பெண்ணை அரசாங்கத்தின் பெயரால் தடுப்பதும், விரும்பாத பெண்ணை ஆண்டவன் பெயரால் வற்புறுத்துவதும் ஒன்றே.

சிலிபின் பெரியவரிடம் விடைபெறும்போது கஸ்ஸாலி இமாமின் கருத்தை எடுத்துச் சொன்னோம். மருமகனிடம் வாதாடுமுன், மகளை அழைத்து உட்காரவைத்து, அவள் மனத்திலிருப்பதைக் கேளுங்கள் என்றும் சொன்னோம். "அதற்கும் மார்க்கத்தில் இடமுண்டா?" என்றார் அவர். தம் மகள் பாத்திமா வந்தால் நாயகம் எழுந்து நின்று வரவேற்பார் என்று தாங்கள் சொல்லிக்கொள்ளவில்லையா என்று கேட்டோம். பெரியவர் தலையை ஆட்டினார். இத்தகைய மகள் உள்ள ஒவ்வொரு தகப்பனாரும், ஒவ்வொரு கணவரும், அவ்வாறே ஒரு தடவை கேட்டுப் பார்க்கவேண்டுமாய்ப் பெரிதும் கேட்டுக்கொள்ளுகிறோம்.