ஆல்டர் உதிர்க்கும் இலை

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு வெளியூர்களிலிருந்து சாலை கிடையாது. விமானத்தில் வர வேண்டும், இல்லையென்றால் கடல்வழி. கோடையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் சொகுசுக் கப்பல் பயணிகள். இறங்கிய நாளே திரும்ப ஏறிவிட வேண்டும். அதற்குள் திமிங்கிலம் பார்க்கப் போகலாம், கடைவீதியில் சுற்றலாம், அல்லது ஒரு வழிகாட்டியோடு மெண்டன்ஹால் பனியாற்றை ஒட்டிய காட்டில் நடக்கலாம்.

நடக்கக் கிளம்பும் எல்லோருக்கும் நினைப்பு பனியின் மேல்தான். காட்டுக்குள் கால் வைத்ததுமே "எப்போது தெரியும்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறோம். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டிப் பெண்மணி அதற்கெல்லாம் பிடிகொடுக்கவில்லை. நெடிதுயர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களைக் கடந்து, கோணல்மாணலாகக் கிளைத்துக் கிடந்த ஒரு புதரருகே போய் நின்றார். படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை. ரம்பப்பல் விளிம்போடு சாதாரண இலை. கிளை நுனியில் சுண்டைக்காய் அளவுக்குக் கறுத்த கூம்புகள். ஆல்டர் என்றார்.

1700களின் நடுவில் பனி இந்த இடத்தையெல்லாம் மூடியிருந்தது. பிறகு பின்வாங்கத் தொடங்கியது. எந்த ஆண்டில் பனி எதுவரை நின்றது என்று பாதையில் ஆங்காங்கே குறித்து வைத்திருக்கிறார்கள். பனி விட்டுப்போவது அரைபட்ட கல்லும் மணலும்தான். அதில் தழைச்சத்து என்று சொல்ல ஏதுமில்லை. பாசியும் சில சிறு செடிகளும் தொற்றிக்கொண்டபின் ஆல்டர் வருகிறது. அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ஃபிராங்கியா நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. நம் கடற்கரைச் சவுக்கின் வேரில் இருப்பதும் இதே இனந்தான். (சவுக்குத் தோப்புக்கு அலாஸ்காவில் ஒரு பங்காளி இருப்பது தெரிய, நான் அவ்வளவு தூரம் கப்பலேற வேண்டியிருந்தது.)

பெரும்பாலான மரங்கள் இலையை உதிர்க்குமுன் அதிலுள்ள சத்தில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆல்டர் அந்தச் சிக்கனம் பார்ப்பதில்லை, பச்சையாகவே உதிர்த்துவிடுகிறது. அந்த இலை மக்கி மண்ணாகிறது. அதில் ஸ்ப்ரூஸ் முளைத்து, ஆல்டரைத் தாண்டி உயர்ந்து, வெயிலை மறைக்கிறது. நிழலில் ஆல்டர் செத்துப்போகிறது. எல்லா இடத்திலும் சொல்லிவைத்தாற்போல் இப்படி நடப்பதில்லை. பக்கத்து கிளேசியர் விரிகுடாவில் 1916இல் வில்லியம் கூப்பர் அளந்து குறித்த சிறு துண்டு நிலங்களை நூறாண்டு கழித்தும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். அவை பாடப்புத்தக வரிசையை அப்படியே பின்பற்றவில்லை.

"என்ன தியாகம்!" என்றார் எங்களோடு வந்த ஒருவர். நமக்கு அந்தச் சொல் சட்டென்று நாக்கில் வந்துவிடுகிறது. பெற்றவர்களைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் அதில்தான் வந்து நிற்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆல்டர் யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொண்டது. தாராளமாகக் கிடைத்ததால் மிச்சம்பிடிக்காமல் உதிர்த்தது. ஸ்ப்ரூஸ் வரப்போவது அதற்குத் தெரியாது. கொடுக்க வேண்டும் என்று எண்ணிக் கொடுத்ததைவிட, வாழ்ந்த வாக்கில் சிந்தியதே பின்னால் வருகிறவர்களுக்கு மண்ணாகிறது. என் பெற்றோரிடமிருந்து எனக்கு வந்தவற்றில் அவர்கள் தரவேண்டும் என்று நினைத்துத் தந்தது கொஞ்சந்தான்.

இப்படி நினைப்பதில் ஆறுதல் உண்டு. ஆனால் ஆறுதல் மட்டும் இல்லை. அறியாமல் சிந்துவதெல்லாம் உரமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? பனியின் பின்வாங்கல் இயற்கையாகத் தொடங்கியது உண்மை. அண்மைப் பத்தாண்டுகளில் அதை விரைவுபடுத்தியிருப்பது நாம் எரிக்கும் எண்ணெயும் நிலக்கரியும். பனியைப் பார்க்கவென்று 1962இல் கட்டிய பார்வையாளர் மையத்திலிருந்து அது விலகி வெகுதூரம் போய்விட்டது. அதைக் கெடுக்க வேண்டுமென்று எவரும் கப்பலேறவில்லை. ஆல்டருக்கு இருந்த அதே வெகுளித்தனந்தான் எங்களுக்கும்.

வழிகாட்டி எங்களைக் குறை சொல்லவில்லை. கேட்டதற்குக் கணக்கு மட்டும் சொன்னார். ஊரில் இருப்பவர்கள் சுமார் 32,000 பேர். ஒரு பருவத்தில் கப்பலில் வருகிறவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் போதும் என்று 2024 முதல் வரம்பு கட்டியிருக்கிறார்கள். நாங்கள் வந்தது அந்த ஐந்தில் ஒன்று.