வந்தவர் எத்தனை பேர்?

இணையத்தளம் ஒன்றை நடத்துபவரிடம், அதனை மாதந்தோறும் எத்தனை பேர் பார்க்கின்றனர் என்று கேட்டால் அவர் ஓர் எண்ணைச் சொல்வார். விளம்பரதாரர் அதனை நம்பிப் பணம் கொடுக்கிறார். நன்கொடையாளர் அதனை நம்பி, தமது உதவி பலரைச் சென்றடைகின்றதென மனம் நிறைகிறார். ஆகவே அந்த எண் பிறர் முன்னிலையில் அளிக்கப்படும் ஒரு சாட்சியமே ஆகும். அதிலே மனிதரல்லாத வருகைகளும் கலந்திருப்பதை அறிந்துகொண்டே அதனைச் சொல்பவர் பொய் சொல்கிறாரா?

வினா வீணானதன்று. ‘பொட்’ எனப்படும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக இணையப் பக்கங்களைத் திறந்த வண்ணம் இருக்கின்றன. எல்லாமே தீயவை அல்ல. கூகிளின் தேடல் நிரல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே வருகின்றது. அதனைக் கணக்கிலிருந்து நீக்குவது எளிது. சாதாரண வாசகரைப் போல வேடமிட்டு வருபவையே தொல்லை தருகின்றன. இவற்றை நடத்தையைக் கொண்டுதான் இனங்காண வேண்டும். நிமிடத்துக்கு நூறு பக்கம் வாசிக்கும் மனிதர் எங்குமில்லை. மணிக்கூடு அடிப்பதுபோல ஒரே இடைவெளியில் பக்கம் புரட்டுபவரும் இல்லை.

வேடமோ நாளுக்கு நாள் நுட்பமாகின்றது. 2014 முதல் 2016 வரை ‘மெத்பொட்’ என்ற மோசடி நடைபெற்றது. வாடகைக்கு எடுக்கப்பட்ட 1,900க்கும் மேற்பட்ட கணினிகள் விளம்பரப் படங்களைப் ‘பார்த்தன’. சுட்டியை அசைத்தன, படத்தை இடைநடுவில் நிறுத்தவும் செய்தன. (இவ்வளவு சாமர்த்தியம் நல்ல காரியம் ஒன்றுக்குப் பயன்பட்டிருக்கலாம்!) இதனை நடத்திய ரஷ்யருக்கு 2021இல் நியூயோர்க் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இது திருட்டு என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

கடினமான வினா வேறு. பொட்டை நான் ஏவவில்லை. அது தானாகவே வந்தது. கணக்கு தானாகவே ஏறியது. நான் ஏன் அதனைக் குறைத்துச் சொல்லவேண்டும்? கடைக்காரர் தவறுதலாகக் கூடுதலாகத் தந்த மீதிக் காசைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்பவரும் இதே நியாயத்தைத்தான் சொல்வார். எண் திடீரென விழுந்தால் காரணம் தேடி இரவெல்லாம் விழித்திருக்கின்றோம். அது ஏறினால் மட்டும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தக் கேளாமையிலேதான் குற்றம் தொடங்குகின்றது என்பது எமது எண்ணம்.

விக்கிப்பீடியாவை நடத்தும் நிறுவனம் அவ்வாறு கேட்டது. 2025 மே மாதமளவில், பெரும்பாலும் பிறேசிலில் இருந்து, மனிதருடையவை போலத் தோன்றிய வருகைகள் வழமைக்கு மாறாகப் பெருகின. அவர்கள் மகிழ்ந்து இருந்துவிடவில்லை. கண்டறியும் முறையைத் திருத்தி, பழைய மாதங்களையும் மீண்டும் எண்ணினார்கள். மே, ஜூன் மாதப் பெருக்கத்தில் பெரும்பகுதி, அகப்படாதிருக்கும்படி அமைக்கப்பட்ட பொட்டுக்களால் வந்ததெனத் தெரிந்தது. உண்மை வாசகர் தொகையோ முந்திய ஆண்டின் அதே மாதங்களைவிட நூற்றுக்கு 8 அளவில் குறைந்திருந்தது. நன்கொடையால் வாழும் நிறுவனம் ஒன்று, தனக்குப் பாதகமான அந்த எண்ணை அதே ஆண்டு ஒக்டோபரில் பகிரங்கமாக வெளியிட்டது.

ஆயினும், கண்டிப்பு மட்டும் போதும் என்று எண்ணிவிடலாகாது. வடி இறுக்கமானால் மனிதரும் வெளியே தள்ளப்படுவர். பெரிய கல்லூரி ஒன்றின் மாணவர் அனைவரும் ஒரே இணைய முகவரியால் வெளியுலகைப் பார்க்கும்போது, நூறு பேர் ஓர் இயந்திரம் போலத் தோன்றலாம். அவர்களை நீக்குவதும் பொய்க் கணக்கே. எந்த வடியும் பிழையற்றதன்று. ஆதலால் எண்ணோடு, எண்ணிய விதத்தையும் சொல்வது கடமையாகின்றது. விக்கிப்பீடியாவின் புள்ளிவிபரங்களில் வாசகர், தம்மை அறிவிக்கும் நிரல்கள், நிரலெனக் கருதப்படுபவை என மூன்றும் தனித்தனியே காட்டப்படுகின்றன. விரும்பும் எவரும் அவற்றைப் பார்க்கலாம்.