பழைய மரம் யாருக்குச் சொந்தம்?

அரியலூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டுவது என்றால் பல இடங்களில் சுண்ணாம்புக் கல்லைத் தோண்டுவது என்றே பொருள். சிமெண்டு ஆலைகளுக்கு அது செல்வம். கீரைப்பாத்தி போட விரும்புகிறவனுக்குத் தலைவலி. நம் பங்கு இல்லத்துக் கொல்லையில் கடப்பாரை ஒரு சாண் இறங்கியதும் 'ணங்' என்று நின்றுவிடுகிறது. மேலே கிடக்கும் கரிசலோ கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் களியாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். தரையில் முடியாததைத் தரைக்கு மேலே செய்து பார்ப்போம் என்று, மரப்பெட்டி ஒன்று செய்து மண் நிரப்பிக் காய்கறி வளர்க்கத் துணிந்தோம். அந்தப் பெட்டி எழுப்பிய கேள்வியைக் குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில்கூட நாம் சந்தித்ததில்லை.

புதுப் பலகை வாங்குவதில்லை என்பது முதல் முடிவு. பெரம்பலூர், அரியலூர் ஊர்களில் ஓட்டு வீடுகள் இடிந்து காங்கிரீட் வீடுகள் எழும் காலம் இது. இடிபடும் வீட்டில் தேக்கு இருந்தால் விலைக்குப் போகும்; வேம்பும் பூவரசும் பனஞ்சட்டமும் அடுப்புக்குப் போகும். பங்கு மக்களுள் ஒருவர் தம் தந்தை கட்டிய வீட்டை இடித்தபோது, "வேணும்னா எடுத்துக்குங்க சாமி" என்று வேப்பமரக் கதவு நிலை ஒன்றையும் பலகைகள் சிலவற்றையும் மனமுவந்து கொடுத்தார். நாமும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டோம்.

பழைய மரம் எல்லாமே உணவு விளையும் பெட்டிக்கு ஆகாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இரயில் பாதையிலிருந்து கழித்த பழைய ஸ்லீப்பர் கட்டைகள் உறுதியானவைதாம். ஆனால் உளுக்காமலிருக்க அவற்றில் ஏற்றிய கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் மண்ணில் கசியும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். நமக்குக் கிடைத்த நிலையிலும் நீலச் சாயம் அடுக்கடுக்காக ஏறியிருந்தது. தச்சர் மரத்தை அறுத்து முடித்துவிட்டு, தூள் பறக்காதபடி நனைத்து நனைத்துச் சாயத்தைச் சுரண்டினார். சுரண்டியது எருக்குழிக்குப் போகாமல் தனியே அள்ளிக் கட்டினோம்.

நீளம் 6 அடி, அகலம் 3 அடி, உயரம் ஒன்றேகால் அடி. இரு பக்கமும் நின்றால் கை நடுவரை எட்டவேண்டும் என்பதற்காகவே அந்த அகலம். நிலையின் மேற்கட்டையை நடுவில் அறுத்து இரண்டு மூலைக்கால்கள். பக்கக்கட்டைகளில் மற்ற இரண்டு. அடிப்பலகைகளுக்கு இடையே நீர் வடிய விரல் அகல இடைவெளி. கரையானுக்காகப் பெட்டிக்கு அடியில் செங்கல் அடுக்கு. நம் இரு மாவட்டங்களிலும் மரத்துக்கு இரண்டே கதிதான் என்று தச்சர் வேடிக்கையாகச் சொன்னார்: கரையானுக்கு இரையாவது, அல்லது சாத்தனூரில் கிடப்பதுபோல் கல்லாவது. 1940ஆம் ஆண்டு புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த அந்தக் கல்மரம் 18 மீட்டர் நீளமுள்ளது. ஏறக்குறைய 12 கோடி ஆண்டுப் பழமையானது. நம்முடைய வேம்புக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இப்பெட்டி 22 கன அடிக்கு மேல் கொள்ளும். அத்தனையும் மண்ணால் நிரப்பத் தேவையில்லை. பெரம்பலூர்ச் சீமையில் மக்காச்சோளத்துக்குக் குறைவில்லை. மணி உதிர்த்த கதிர்களை அடியில் ஒரு சாணுக்குப் பரப்பி, மேலே காய்ந்த வேப்பிலைச் சருகு போட்டோம். அதன் மேல் செம்மண் இரண்டு பங்கு, கரிசல் ஒரு பங்கு, நன்கு மக்கிய சாண எரு ஒரு பங்கு. புதுச் சாணம் வேரைச் சுட்டுவிடும். ஒரு மாதத்தில் மண் நான்கு விரற்கடை அமிழ்ந்தது, மறுபடி நிரப்பினோம்.

விதைக்குமுன் ஒரு நாள், வீட்டைக் கொடுத்தவருடைய தாயார் கோவிலுக்கு வந்தவர் கொல்லைப்பக்கம் எட்டிப்பார்த்தார். எண்பதைக் கடந்தவர். பெட்டியைச் சுற்றி நடந்து, ஒரு மூலைக்காலைத் தடவினார். பிறகு மறு மூலைக்குச் சென்று அதையும் தடவினார். சாயம் போனபின் அங்கே ஏதோ கீறல் இருப்பதை நாமும் பார்த்திருந்தோம், பொருட்படுத்தவில்லை. ஒரு காலில் பாதிச் சிலுவை. மற்றதில் மீதிப் பாதி.

"வீடு மந்திரிச்சப்போ எங்க வீட்டுக்காரர் உளி வச்சுச் செதுக்கினது சாமி. கேட்டிருந்தா இந்தக் கட்டைய மட்டும் வாங்கி வச்சிருப்பேன்."

வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டிருந்தாலாவது நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சட்டப்படி நாம் தவறு செய்யவில்லை. வீடு மகன் பெயரில் இருந்தது. உரியவர் கொடுத்தார், நாம் பெற்றோம். ஆயினும் உரிமை இல்லாத ஒருவருக்கு ஒரு பொருளின்மேல் பாத்தியதை இருக்க முடியுமா என்பதே கேள்வி. எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த மரத்தையும் தொட முடியாது, கேளாமலிருந்தால் அது அடுப்பில் எரிந்திருக்கும் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். வாதம் சரிதான். மனம் மட்டும் ஒப்பவில்லை.

அந்த வாரம் ஜெயங்கொண்டம் பக்கம் ஓர் அடக்கத் திருப்பலிக்குப் போய்த் திரும்புகையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கினோம். முதலாம் இராசேந்திரன் எழுப்பிய அந்தக் கோவிலின் மதிற்கற்கள், 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. தடுக்க முயன்ற ஊரார் தண்டிக்கப்பட்டார்கள் என்றும், மதிலுக்கு ஈடாகச் செங்கற்சுவர் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்றும் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. அணை தீமை என்று நாம் சொல்ல மாட்டோம். வீராணம் ஏரிக்கு இன்றும் நீர் தருவது அந்தக் கீழணைதான். எத்தனையோ வயல்கள் அதனால் விளைகின்றன. ஆனால் நல்ல பயன் ஒன்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், கேட்கவேண்டியவர்களைக் கேட்கும் பொறுமை நம்மைவிட்டுப் போய்விடுகிறது. புதுப் பலகை வாங்கும்போது விலையாவது கேட்கிறோம். பழையதை எடுக்கும்போது, வீணாவதைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமையில் ஒன்றுமே கேட்பதில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலின் 211ஆம் எண்ணில், ஒரு பொருளை உடனே வீசியெறியாமல் மறுபடி பயன்படுத்துவது அன்புச் செயலாக இருக்கமுடியும் என்கிறார். சரியான நோக்கத்தோடு செய்தால் என்று ஒரு நிபந்தனையும் வைக்கிறார். அந்த நிபந்தனையை நாம் பலமுறை படித்தும் நின்று பார்த்ததில்லை. நோக்கம் சரியாகத்தானே இருந்தது என்று இப்போதும் உள்ளம் வாதாடுகிறது. காசு மிச்சம், கீரை நஞ்சற்றது, மரமும் வீணாகவில்லை. அம்மூதாட்டி மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

புனித தாமஸ் அக்குவினாஸ் ஈடுசெய்தலைப் பற்றி எழுதும்போது, சமமானதைத் திருப்பித் தர இயலாத இடத்தில் இயன்றதைத் தருவது போதும் என்பார்; உறுப்பை இழந்தவனுக்குப் பணமோ மதிப்போ தருவது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. அறுபட்ட கட்டைக்கும் அது பொருந்தும் என்று கொண்டு, தச்சரை அழைத்து அந்த இரு கால்களையும் கழற்றச் சொன்னோம். வேறு பூவரசங்கால்கள் வைத்தார். கழற்றிய துண்டுகளை முளையடித்துச் சேர்த்தார். வாள் தின்ற மரம் போனது போனதுதான், சிலுவையின் நடுவே ஒரு கோடு தெரிகிறது. மகனுடைய புது வீட்டில் அதை மாட்ட இடமில்லை என்று முதலில் சொன்னார்கள். இப்போது மூதாட்டியின் கட்டிலுக்கு மேலே இருக்கிறது.

முதலில் பறித்த முளைக்கீரையை அவருக்கு அனுப்பிவைத்தோம். கொண்டுபோன பையனிடம் பதில் வந்தது: "தண்டு முத்திப்போச்சு. அடுத்த தடவை அஞ்சு நாள் முன்னாடியே பிடுங்கச் சொல்லு சாமிய."