நடப்பாளா என்ற கேள்வி

பிள்ளையின் குறை பெரிதாக இருந்தால்தான் உதவி கிடைக்கும் என்கிற இடத்தில் நிற்கும் ஒரு தாய், அந்தக் குறை பெரிதாகவே இருக்கட்டும் என்று விரும்பலாமா? இப்படி எழுத்தில் பார்த்தால் யாருக்கும் பதறும். ஆனால் பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி பராமரிப்பு உதவித்தொகை கேட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பெண்கள் பலர் இந்த விருப்பத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். என் தங்கை அவர்களில் ஒருத்தி. அவளுடைய படிவங்களை நிரப்பிக் கொடுப்பவள் நான். 'படித்த அக்கா' என்பதற்கு எங்கள் குடும்பத்தில் இருக்கும் பொருள் இதுதான். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியது கடைசியில் மனு எழுதப் பயன்படுகிறது.

தங்கை மகளுக்கு ஒன்பது வயது. பாப்பா என்று கூப்பிடுகிறோம். மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் இறுகியிருக்கும், வலது கை சொன்னபடி கேட்காது, பேச்சு கொஞ்சம் இழுக்கும். கணக்கில் என்னைவிடக் கெட்டி. நான்கு வயதில் அவளுக்குக் கொடுத்த சான்றிதழ் தற்காலிகமானது. குழந்தை வளரும், நிலை மாறும் என்பதால் அப்படிக் கொடுத்தார்கள். அது காலாவதியானதும் 2024 டிசம்பரில் இணையத்தில் புதிதாக விண்ணப்பித்து, அதே மாதம் மருத்துவ முகாமுக்கும் போய் வந்தாயிற்று. நரம்பியல் மருத்துவர் கையெழுத்து பாக்கி என்றார்கள் முதலில். பிறகு எக்ஸ்ரே தெளிவாக இல்லை என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்வதில்லை. பதினான்கு மாதம் ஆகிறது. சான்றிதழில் எத்தனை விழுக்காடு என்று தெரிந்தால்தான் உதவித்தொகைக்கான மனு ஓர் அங்குலம் நகரும்.

தமிழ்நாடு அரசு தரும் இந்தத் தொகை மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன்பு 1,500. அறிவுசார் குறைபாடு என்றால் 40 விழுக்காடு போதும். கை கால் பாதிப்பு என்றால் 75 வேண்டும். ஒன்றிய அரசு இந்திரா காந்தி பெயரில் தரும் ஓய்வூதியம் பதினெட்டு வயது ஆனவர்களுக்கு மட்டும்தான். அதற்கும் 80 விழுக்காடு வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதில் ஒன்றிய அரசின் பங்கு 300 ரூபாய். ஆகவே மாதாமாதம் கையில் காசு வர பாப்பாவுக்கு இருப்பது ஒரே வாசல். அதன் உயரம் 75.

வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு ஆட்டோவில் போய்வர ஒரு தடவைக்கு 300 ரூபாய். மாதம் 2,400. தொகை வந்தாலும் ஆட்டோவுக்கே 400 குறையும். இந்தப் பணத்துக்குப் போய் இவ்வளவு அலைச்சலா என்று கேட்டவர்கள் உண்டு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துச் சனிக்கிழமைதோறும் சம்பளக் கவர் வாங்கிக்கொண்டிருந்தவள், பாப்பாவுக்காக அதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. தன் கைக்கென்று ஒரு தொகை வந்தும் ஆறு வருடம் ஆகிறது என்பதைக் கேட்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

முகாம் நடந்த பள்ளிக்கூட வராந்தாவில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் நான்கைந்து பேர் இருந்தால் அதிகம். தங்கை கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், முகாமுக்கு வந்தால் அன்றைய வாடகை போய்விடும். தங்கை வந்தால் எதுவும் போவதில்லை என்பது எல்லோருடைய கணக்கும். பக்கத்தில் பேரனை மடியில் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அவள் பெருமை தாங்காமல் சொன்னாள், பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு பதினொரு எட்டு வைக்கிறாள் என்று. அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "அதையெல்லாம் உள்ள போய்ச் சொல்லிப்போடாத அம்மணி. நடக்கறான்னா பர்சன்டேஜக் கொறச்சுப்போடுவாங்க."

உள்ளே மருத்துவர் கேட்டார், "நடப்பாளா?" தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு, "பிடிக்காம நிக்க மாட்டாளுங்க சார்" என்றாள்.

பொய்யா அது? அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்றை விழுங்கிவிட்டுச் சொன்ன வாக்கியம் என்று அங்கே இருந்த மூன்று பெண்களுக்குத் தெரியும். மூன்றாமவள் பாப்பா. விழுங்கியது எதை என்பதுதான் என்னை உறுத்துகிறது. பதினொரு எட்டு வைப்பதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் காலை நீவிவிட வேண்டும். காலிபர் மாட்ட வேண்டும். பின்னால் ஒருத்தி இரண்டு கையையும் நீட்டியபடி, தொடாமல், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் கூடவே நகர வேண்டும். அந்தப் பதினொரு எட்டில் பாதி தங்கையுடையது. படிவத்திலோ பிள்ளையின் உடல் தனியாக அளக்கப்படுகிறது. அந்த உடலை நிற்க வைக்கும் இன்னோர் உடலுக்கு அங்கே கட்டமே கிடையாது. நடப்பாள் என்றால் தங்கையின் உழைப்பு காணாமல் போகும். நடக்க மாட்டாள் என்றால் பாப்பாவின் உழைப்பு காணாமல் போகும். இரண்டில் ஒன்றை மறைத்துத்தான் பதில் சொல்ல முடியும் என்கிற ஒரு கேள்விக்கு முன்னால், உண்மை பேசு என்று ஒருத்தியிடம் சொல்வதற்கு என்ன பொருள்?

கேட்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பணம் அளவானது, போலிச் சான்றிதழ்கள் உண்டு, எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும். கோடு போடுவதில் எனக்குக் குறையில்லை. கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே வந்தால் ஒன்றுமே கிடையாது என்பதுதான் தாயை இப்படிப் பேச வைக்கிறது. அறுபதுக்கு ஒரு தொகை, எழுபதுக்கு ஒரு தொகை என்று இருந்தால் தங்கை பதினொரு எட்டையும் வாய் நிறையச் சொல்லியிருப்பாள். நேர்மையின் விலையை மாதம் 2,000 என்று வைத்து, அந்த விலையை வேலையை விட்டு வீட்டில் இருக்கும் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, அவள் நேர்மையானவளா என்று விசாரிக்கும் அறநூல் எதுவானாலும் அதில் எனக்கு மரியாதை இல்லை.

முகாமோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. முடிவு வராத பதினான்கு மாதமும் முகாம் நீண்டுகொண்டே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மறுபடி கூப்பிடலாம். அதற்குள் பதினொன்று பதினேழாகிவிட்டது. பிசியோதெரபி செய்துவிடும் பெண் ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கையை ஒரு நோட்டில் குறித்து வந்தாள். ஒருநாள் தங்கை, "எழுத வேண்டாங்க" என்று கேட்டுக்கொண்டாள். தெருவில் யாராவது, பரவாயில்லையே, பாப்பா நல்லாத் தேறிட்டாளே என்றால் முகம் மாறுகிறது. பிள்ளை முதன்முதலில் எழுந்து நின்றதைப் பெற்றவள் ஊரெல்லாம் சொல்லித் திரிவாள், அது அவளுக்குக் கிடைக்கும் கூலி. தங்கைக்கு அந்தக் கூலியும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அலுவலகத் தாமதம் என்றால் பணம் பிந்தி வருகிறது என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம்.

வகுப்பில் முல்லைத்திணை நடத்தும்போது உரிப்பொருள் 'இருத்தல்' என்று எழுதிப் போடுவேன். தலைவன் வினைமேற் சென்றான், கார்காலத்தில் திரும்புவேன் என்றான், தலைவி ஆற்றியிருந்தாள். மாணவிகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். பெண்ணின் காத்திருப்பை இரண்டாயிரம் ஆண்டாக நாம் ஒழுக்கமாக வைத்துக் கொண்டாடி வருகிறோம். அதனால்தானோ என்னவோ அலுவலக வராந்தாக்களில் பெண்கள் பிள்ளையும் பையுமாக உட்கார்ந்திருப்பது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. ஆனால் முல்லைத் தலைவிக்கு ஒரு தவணை இருந்தது. வானம் இருண்டதும் எங்கே அவர் என்று கேட்க அவளுக்கு வாய் இருந்தது. இது கார்காலத்து மழையல்ல, காலம் தப்பிப் பெய்கிற மழை என்று சமாதானம் சொல்லத் தோழியும் இருந்தாள்.

எங்களுக்கும் ஒரு கார்காலம் தாளில் இருக்கத்தான் செய்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி விண்ணப்பித்து ஒரு மாதத்தில் சான்றிதழ் தர வேண்டும். 2024இல் திருத்தி அதை மூன்று மாதம் ஆக்கினார்கள். அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ அதிகார அமைப்பு முடிவெடுக்க முடியாமல் போனால் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும். விண்ணப்பித்தவர்தான் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அல்லது போய்க் கேட்டு அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். இந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். தாமதம் செய்தவர் ஒருவர், காலாவதியாவது மற்றவருடைய மனு. தங்கைக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.

காத்திருந்த மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் வருமா என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் வராதுங்க மேடம், ஆர்டர் போட்ட மாசத்துல இருந்துதான்" என்றார் எழுத்தர். அவரும் பெண்தான். முகத்தில் கனிவு இருந்தது, ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். பாதிப்பு இல்லாத மாதங்கள் போல அந்தப் பதினான்கும் கழிந்துவிட்டன.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்குக் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா வேலைக்கான அங்கீகாரம் என்று அரசே விளக்கம் சொன்னது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதில் ஒரு சொல்தான் மாறியது. ஆனால் உரிமை என்று பெயர் வைத்துவிட்டால், ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கும் குரல் வேறாகிவிடுகிறது. கை நீட்டுகிறவளின் குரல் அல்ல அது. இது நன்றாகத் தெரிந்த அரசு பாப்பாவின் தொகையை இன்னமும் உதவித்தொகை என்றே அழைக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே உரிமை இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவு, இவர்களுக்குத் தரும் தொகை மற்றவர்களுக்கான அதுபோன்ற திட்டங்களைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. அரசின் பொருளாதார வரம்புக்கு உட்பட்டு என்றும் சொல்கிறது, அந்த வரியை அலுவலகங்கள் மறப்பதில்லை. அதே பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்றும் பேசுகிறது. பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும் என்பது சட்டத்துக்குத் தெரியும். மருத்துவர் மேசைமேல் இருக்கும் தாளுக்குத்தான் தெரியாது.

ஈவா ஃபெடர் கிட்டே என்ற அமெரிக்க மெய்யியலாளர் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு மகளை வளர்த்தவர். 1999இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுப்பிய வாதம் இதற்குப் பக்கத்தில் வருகிறது. பிறரைச் சார்ந்து வாழ்பவரைப் பார்த்துக்கொள்பவள், அதனாலேயே தானும் பிறரைச் சார்ந்தவளாகிவிடுகிறாள். அவளைத் தாங்குவது சமூகத்தின் கடன், கருணை அல்ல. மாணவிகளுக்கு இதைச் சொல்வதுண்டு. தங்கைக்கும் சொன்னேன். "அத்தை, நீ ஊட்ல சும்மாதான இருக்கறன்னு சொல்றப்ப எனக்கு இதத்தான் சொல்லத் தெரியலக்கா" என்றாள்.

ஆனால் எங்கள் இருவர் பேச்சிலும் ஒருத்தி விடுபட்டுக்கொண்டே இருந்தாள். பராமரிப்பைப் பற்றிப் பெண்கள் நாம் எழுதும் கட்டுரைகளிலும் பெரும்பாலும் அவள்தான் விடுபடுகிறாள், பார்த்துக்கொள்ளப்படுபவள். நடப்பாளா என்ற கேள்வி பாப்பாவின் தலைக்கு மேலாகப் போய்த் தாயைச் சேர்ந்தது. பதிலும் தலைக்கு மேலாகவே திரும்பிப் போனது. முகாம் முடிந்து வண்டியில் வரும்போது அவள் என்னிடம், "பெரிம்மா, நான் நடக்கறது தப்பா?" என்று கேட்டாள். இல்லை சாமி என்றேன். 75 என்ற எண்ணையும் அவளுக்கு விளக்கிச் சொன்னேன், கணக்குப் பிள்ளை, புரிந்துகொண்டாள். அப்படியென்றால் நான் எத்தனை என்று கேட்டாள். அதற்குத்தான் காத்திருக்கிறோம் என்றேன்.

அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குத் தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் தங்கள் கருத்தைத் தடையின்றிச் சொல்லும் உரிமை உண்டு என்று இருக்கிறது. போன வாரம் தங்கையிடம் இதைப் படித்துக் காட்டினேன். மறுபடி கூப்பிட்டால் பாப்பாவே பதில் சொல்லட்டும் என்றேன். எத்தனை எட்டு, யார் பிடித்தால், எவ்வளவு நேரத்தில் கால் வலி எடுக்கும், அன்று ராத்திரி தூக்கம் எப்படி என்பதெல்லாம் அவளுக்குத்தானே தெரியும். பேச்சு இழுக்கும், நேரமாகும், ஆகட்டும். நாம் பதினான்கு மாதம் பொறுக்கவில்லையா, மருத்துவர் ஐந்து நிமிடம் பொறுக்கட்டும்.

தங்கை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. காலிபரின் பட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ பதினேழுன்னு சொல்லிப்போடுவாளேக்கா" என்றாள்.