அந்தக் கடைசி வரிக்கு அஞ்சாதே!

"ஏசிஎல் வேலையா? அதை சீனியர் பார்த்துக்கொள்ளட்டும்." எத்தனை சர்வர் அறைகளில் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டேன்! கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது, தம்பி. நள்ளிரவில் ஏணியில் ஏறிக் கேபிள் இழுத்தவன் நீ. விலான் பிரித்து, டிரங்க் போட்டுக் கொடுத்தவன் நீ. பாக்கெட்டை வடிகட்டும் அந்த ஏசிஎல் பட்டியலில் பத்து வரி எழுத உன்னால் முடியாதா?

உன் பயம் எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஓர் அலுவலக சுவிட்சில் வீட்டிலிருந்தபடியே ஏசிஎல் மாட்டினேன். எண்டர் தட்டியதும் திரை உறைந்துவிட்டது. 22-ஆம் போர்ட்டில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நின்றுகொண்டு, அந்த வழிக்கே அனுமதி எழுத மறந்திருந்தேன். கன்சோல் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டும் மழையில் பைக்கை எடுத்தேன். அன்றைக்கு அழுகை வந்தது. ஆனால் அன்றோடு அந்த வேலையை விட்டு ஓடவில்லை.

சிஸ்கோ சுவிட்ச் உன் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் படிக்கும். முதலில் பொருந்தும் வரியே தீர்ப்பு. அதற்குக் கீழே நீ என்ன எழுதியிருந்தாலும் அது திரும்பிப் பார்க்காது. எதுவுமே பொருந்தாவிட்டால், அடியில் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு வரி காத்திருக்கிறது: எல்லாவற்றையும் மறு. என்னை வெளியே தள்ளியது அந்த வரிதான். அது இருப்பதை மறக்காமல் எழுதுகிறவனை அது ஒன்றும் செய்யாது.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார். விருந்தினருக்கான விலான் 20, முகவரி 10.1.20.0. "இந்த முகவரியிலிருந்து வருவதை மட்டும் விடு" என்று எழுதி, அந்த விலானில் 'இன்' திசையில் மாட்டுகிறாய். ('இன்' என்பது சுவிட்சின் பார்வையில்: விலானிலிருந்து சுவிட்சுக்குள் நுழைவது. இதில் குழம்பாதவர் யாருமே இல்லை.) எழுதியது சரியாகத்தான் தெரிகிறது. காலையில் வந்து லேப்டாப்பைத் திறந்தவர் ஒருவருக்கும் ஐபி கிடைக்கவில்லை! ஏன்? முகவரி கேட்கும் கணினிக்கு இன்னும் முகவரியே கிடையாது. 0.0.0.0 என்று சொல்லிக்கொண்டுதான் அது டிஎச்சிபியின் 67-ஆம் போர்ட்டைத் தட்டும். உன் வரியில் அதற்கு இடமில்லை. மேலே ஒரே ஒரு அனுமதி வரி சேர், தீர்ந்தது. இதை நீயே தேடிக் கண்டுபிடிக்கும் நாளில் உன் முதுகு தானாக நிமிரும்!

தைரியம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதல்ல. முதலில் இருப்பதைச் சேமி. பிறகு 'ரீலோட் இன் 10' என்று கொடு. அதன்பிறகு ஏசிஎல்லை மாட்டு. நீ வெளியே மாட்டிக்கொண்டாலும், பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே எழுந்து பழைய அமைப்போடு வந்து நிற்கும். புது வரிகளைத்தான் நீ இன்னும் சேமிக்கவில்லையே! எல்லாம் ஓடினால் 'ரீலோட் கேன்சல்', பிறகு சேமிப்பு. இது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் மழையில் நனைந்திருக்க மாட்டேன்.

இது சில்லறை வேலை என்று எவராவது சொன்னால், 2017 மே மாதத்தை நினைவுபடுத்து. வானாக்ரை என்ற தீநிரல் 445-ஆம் போர்ட் வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தள்ளிப்போயின. விலான்களுக்கு இடையே அந்தப் போர்ட்டை அடைக்கும் ஒரு வரி, ஒரு விலானில் பிடித்த தீ அந்த வழியே அடுத்ததற்குத் தாவாமல் நிறுத்தும். ஒரே விலானுக்குள் பரவுவதை அது தடுக்காது. அதற்கு, கேபிள் செருகும் சுவிட்ச் போர்ட்டிலேயே மாட்டும் ஏசிஎல் இருக்கிறது. அதையும் நீ கற்பாய்.

ஸ்டோர் ரூமில் தூசி படிந்து ஒரு பழைய சுவிட்ச் கிடக்கும். கேட்டு வாங்கு. கன்சோல் கேபிளைச் செருகு. இன்றிரவே உன் முதல் வரியை எழுது, தம்பி!